அதிர்வதற்கு அனுமதி

சிப்பி ஐந்தாம் பதிப்பு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு பெவினின் சட்டைப் பைக்குள் வந்து இறங்கியது. பத்தே முக்காலுக்கு ஒரு டிப்பர் லாரி அவன் முதுகுக்கு ஒன்றரை அடி பின்னால் நின்றது.

நிறுத்தியது டிரைவர். போன் சும்மா இருந்தது.

பெவினுக்கு ஆறு வயதுக் காய்ச்சலில் காது போயிற்று. பேச்சு போகவில்லை. பக்கத்தில் நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வான். முள்ளக்காட்டுப் பக்கம் ஓர் உப்பு ஆலையின் முற்றத்தில் மூட்டைக்கு வாய் தைக்கிற வேலை. நாள் முழுக்க லாரிகள் பின்பக்கமாகவே வந்து சேரும் முற்றம் அது. அவன் மனைவி ஜெயஷீலா சாயர்புரத்தில் ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். அவள் எழுதிய செயலி நான்கு வருடமாக அவன் போனில் ஓடிக்கொண்டிருந்தது. லாரி பின்னால் வரும்போது அடிக்கும் பீப் சத்தத்தைப் போன் கேட்கும். கேட்டதும் அவன் நெஞ்சில் நீளமாக இரண்டு முறை அதிரும். யாராவது அவன் பெயரைச் சொல்லிக் கத்தினால் குட்டையாக மூன்று முறை. ஜெயஷீலா கூப்பிட்டால் வேறு ஒரு மாதிரி. அது என்ன மாதிரி என்று அவன் யாரிடமும் சொன்னதில்லை.

அன்று அவன் நெஞ்சு அதிரவில்லை.

மேஸ்திரி தாணுலிங்கம் நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் பயந்தால் அதற்கு மேல் பேச முடியாது. மாலையில் ஜெயஷீலாவை வரவழைத்தார்.

"டீச்சர், ஒரு மாசம் தாரேன். அதுவரைக்கும் இவன் உள்ள சாக்கு அடுக்கட்டும். போன் சரியானா முத்தத்துக்கு வரட்டும். ஆவலன்னா வேற எடம் பாத்துக்கிடுங்க. அடிச்சிப் போட்டா நான் உங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"ஒரு மாசம் எதுக்கு அண்ணாச்சி? ரெண்டு நாள்ல சரி பண்ணிருவேன்," என்றாள் ஜெயஷீலா. அவள் அப்போது அதை நம்பினாள்.

சிப்பி என்பது போனை இயக்கும் மென்பொருள். கடற்கரை மக்களுக்கென்று தூத்துக்குடியில் ஓர் அறக்கட்டளை அதைச் செய்து, உப்புக்கும் தண்ணீருக்கும் அசையாத கெட்டிப் போன்களில் ஏற்றி, ஊர் ஊராகக் கொடுத்தது. மற்ற போன்கள் உப்புத் தூசியில் மூன்று மாதம் தாங்கவில்லை. இது ஐந்து வருடம் ஆகியும் உழைத்தது. அதோடு சிப்பி திறந்தமூல மென்பொருள். அதன் ஒவ்வொரு வரியையும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். போனை ஆன் செய்தால் முதலில் வரும் வாசகமே "சிப்பி திறந்தே இருக்கிறது" என்பதுதான்.

ஜெயஷீலா படித்தாள். ஒரு செயலி போனிடம் போய் வேலை கேட்கும் வாசலுக்கு இடைமுகம் என்று பெயர். சிப்பியில் அப்படி ஆயிரத்துச் சொச்சம் வாசல்கள். விதவிதமாக அதிரச் சொல்லும் வாசல் நானூற்றுப் பதினேழாவது. நான்கு வருடம் அவள் தட்டிய வாசல். இப்போது அதன் மேலே ஒரு வரி புதிதாகச் சேர்ந்திருந்தது: "உள் இடைமுகம். சிப்பியின் சொந்தச் செயலிகளுக்கு மட்டும். மற்றவர்கள் பார்வையிடத் தடையில்லை."

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு அறக்கட்டளைக்குப் போனாள்.

அலுவலகம் முழுக்கக் கண்ணாடி. வெளிச்சுவர், உள்சுவர், தடுப்பு எல்லாம் கண்ணாடி. பொறியாளர்கள் தட்டச்சு செய்வதும், ஒருவர் தயிர்சாதத்தை மூடி வைப்பதும் வரவேற்பறையிலிருந்தே தெரிந்தது. கண்ணாடியில் கதவு மட்டும் தென்படவில்லை. இந்தப் பக்கம் ஒரே ஒரு மேஜை. "பொதுக் கவுன்ட்டர்" என்று பலகை. மேஜைக்குப் பின்னால் வேதமணி. ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கும் முகம்.

ஜெயஷீலா விஷயத்தைச் சொன்னாள். அவர் முழுவதும் கேட்டார். வருத்தப்பட்டார். பிறகு சொன்னார்:

"இந்தக் கேள்வி இந்தக் கவுன்ட்டர்ல கெடையாதும்மா."

"அப்ப யார்கிட்ட கேக்கணும் சார்?"

"அந்தக் கேள்வியும் கெடையாது."

"என்னதான் கேக்கலாம்?"

"அது இருக்கு," என்று அவர் சுறுசுறுப்பாகி, சுவரில் இருந்த பட்டியலைக் காட்டினார். முகவரி மாற்றம். சார்ஜர் கோளாறு. மறந்துபோன கடவுச்சொல். அறக்கட்டளைக்குப் பாராட்டுத் தெரிவித்தல்.

கண்ணாடிக்கு அப்பால் ஒரு வெள்ளைப் பலகையில் பெரிய எழுத்தில் எண்கள் எழுதியிருந்தன. நானூற்றுப் பதினேழைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

"அந்தா தெரியுதுல்லா சார், நானூத்திப் பதினேழு. அதத்தான் கேக்கேன்."

"தெரியுதா? நல்லாத் தெரியுதா?" என்றார் வேதமணி மகிழ்ச்சியோடு. "அதுக்குத்தான் கண்ணாடி போட்டுருக்கு."

அவள் வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது, தயிர்சாதத்தை மூடி வைத்தவன் எதிர் டீக்கடையில் நின்றான். கழுத்து அட்டையில் ஷாம் என்று பெயர். இடைமுகப் பிரிவுப் பொறியாளன். அவளைக் கண்டதும் அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டான்.

"உள்ள நான் பேசக்கூடாது மேடம். இங்க டீ குடிக்கேன், அதனால பேசலாம். நாலு வருஷமா ஓடுற உங்க செயலிய எங்களுக்கெல்லாம் தெரியும். ரொம்ப சுத்தமா எழுதியிருக்கிய."

"அப்புறம் ஏம்ப்பா நிறுத்துனிய?"

"அது பொது இடைமுகம் இல்ல. பொதுன்னு சொல்லிட்டா, அத மாத்தமாட்டோம்னு வாக்குக் கொடுத்த மாதிரி. உள்ன்னா எப்ப வேணா மாத்தலாம்."

"மாத்தப் போறியளா?"

"இல்ல. ஒம்போது வருஷமா மாத்தல."

"இனிமே?"

"மாத்துறதுக்கு அதுல ஒண்ணுமே இல்ல மேடம். மோட்டார சுத்தச் சொல்லுது, நிறுத்தச் சொல்லுது. அவ்வளவுதான்."

"அப்ப ஏன்?"

"மாத்துற உரிமை இருக்கணும்ல," என்றான் ஷாம். அவன் குரலில் கிண்டல் இல்லை.

பழைய பதிப்பை மறுபடி ஏற்றிக்கொள்ளலாமா என்று கேட்டாள். பழையதை ஏற்றினால் போன் திறக்காது. மூலம்தான் திறந்திருக்கிறதே, நானே பூட்டைக் கழற்றிச் சொந்தமாக ஒரு சிப்பி செய்துகொள்ளலாமா என்று கேட்டாள். ஷாமின் முகம் மலர்ந்தது.

"தாராளமா செய்யலாம். அதுதான மேடம் திறந்தமூலத்தோட மகிமை! ஆனா நாங்க முத்திரை குத்துனதுதான் இந்தப் போன்ல ஓடும்."

"முத்திரை குத்துவியளா?"

"எங்க சிப்பிக்கு மட்டும் குத்துவோம்." டீ முடிந்துவிட்டது. அவன் அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, "ஒம்போதாம் நம்பர் படிவம்," என்று முணுமுணுத்துவிட்டுப் போனான்.

ஒன்பதாம் படிவம், உள் இடைமுகத்தைப் பொதுவாக்கக் கோரும் மனு. அதைப் பெறுவதற்குக் கவுன்ட்டரில் கேள்வி கிடையாது. பாராட்டுத் தெரிவிக்கும் படிவத்தின் பின்பக்கம் அது அச்சாகியிருந்தது. ஜெயஷீலா முன்பக்கம் பாராட்டிவிட்டுப் பின்பக்கத்துக்கு வந்தாள். பெயர், ஊர், இடைமுக எண் வரை சிக்கலில்லை. ஏழாவது கட்டத்தில் பேனா நின்றது. "இந்த இடைமுகத்தைத் தாங்கள் பயன்படுத்துகிறீர்களா?"

"ஆமான்னு போட்டா விதிமீறல்," என்றார் வேதமணி. "மனுவத் தள்ளிருவாங்க."

"இல்லன்னு போட்டா?"

"தேவையில்லாதவங்க கேக்காங்கன்னு தள்ளிருவாங்க."

"ஒண்ணும் போடாம விட்டா?"

"முழுமையில்லாத மனு."

"மத்தவங்கல்லாம் என்னதான் சார் எழுதுதாங்க?"

வேதமணி யோசித்தார். "நாசரேத்துக்காரர் ஒருத்தர் 'கர்த்தர் அறிவார்'னு எழுதிக் குடுத்தாரு."

"அதத் தள்ளிட்டாங்களா?"

"இல்ல. பரிசீலனையில இருக்கு. ஏழு வருஷமாச்சு."

ஜெயஷீலாவிடம் ஏழு வருடம் இல்லை. "ஆம். என் கணவரின் உயிருக்காக" என்று எழுதினாள். நான்காம் நாள் பதில் வந்தது. மனுதாரர் விதிமீறலை எழுத்துமூலம் ஒப்புக்கொண்டிருப்பதால் அவருடைய செயலி, கண்காணிக்கப்படும் செயலிகளுக்கான சாம்பல் பட்டியலில் சேர்க்கப்படுகிறது. ஒப்புக்கொண்ட நேர்மையைப் பாராட்டி, அவர் கோரிக்கை கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு அனுப்பப்படுகிறது. இரண்டும் ஒரே தாளில் இருந்தன.

"நல்ல சேதியா, கெட்ட சேதியா?" என்று பெவின் கேட்டான். அவன் உள்ளே சாக்கு அடுக்க ஆரம்பித்து எட்டு நாள் ஆகியிருந்தது. தைக்கிற மெஷினில் இப்போது வேறொருவன் உட்கார்ந்தான். தையல் கோணலாகப் போவதைப் பெவின் தினமும் வீட்டுக்கு வந்து சொன்னான்.

"கூட்டத்துக்குக் கூப்பிட்டுருக்காங்க."

"என்ன கூட்டம்?"

"கருத்துக் கேக்குற கூட்டம்."

"நான் போயி என்னத்தளா கேக்க?" என்று பெவின் சிரித்தான்.

கூட்டம் பதினெட்டாம் நாள் நடந்தது. மேடையில் நீளமான மர மேஜை. மனுதாரர்களுக்கும் அதே மேஜையின் ஓரத்தில் இடம், ஏனென்றால் அறக்கட்டளையில் மேல் கீழ் கிடையாது. நடுவில் இயக்குநர் சிவப்பிரகாஷ். வெள்ளைச் சட்டை, கதர்த் துண்டு, இரண்டு போன்.

அவர் நாற்பது நிமிடம் பேசினார்.

"திறந்தமூலம் என்று சொல்லிவிட்டு ஏன் மூடுகிறீர்கள் என்று சிலர் கேட்கிறார்கள். மற்ற நிறுவனங்கள் மூடுகின்றன, மூடியதை மறைக்கின்றன. நாங்கள் எதை மூடியிருக்கிறோம் என்பதைத் திறந்து காட்டுகிறோம். இந்தியாவில் இவ்வளவு வெளிப்படையாக மூடிய அமைப்பு வேறு கிடையாது!"

பொறியாளர்கள் கை தட்டினார்கள்.

"பொது இடைமுகம் என்பது மக்களுக்கு நாங்கள் கொடுக்கும் வாக்கு. இன்றுவரை ஒரு வாக்கைக்கூட நாங்கள் மீறியதில்லை. எப்படிச் சாத்தியமாயிற்று? மிகக் குறைவாகக் கொடுத்தோம். நானூற்றுப் பதினேழை எடுத்துக்கொள்ளுங்கள். உள் இடைமுகம். நாளை மாறலாம். மாறினால், அதை நம்பியிருக்கும் ஓர் ஏழைத் தொழிலாளி பாதிக்கப்படலாம். அந்தப் பாதிப்பு அவருக்கு வரவே கூடாது என்றுதான் முன்கூட்டியே நிறுத்திவிட்டோம்."

ஜெயஷீலா பெவினின் முழங்கை அருகே ஒரு நோட்டில் எழுதிக் காட்டிக்கொண்டே வந்தாள். பாதியில் நிறுத்திவிட்டாள். பெவின் நோட்டைத் தட்டி, மேலே என்ன என்று கேட்டான். "ஒண்ணுமில்ல, பேசுதாரு" என்று எழுதினாள்.

பேச்சு முடிந்ததும் வேதமணி ஒரு தாளோடு வந்தார். இயக்குநர் உரையைச் செவிமடுத்தேன் என்று மனுதாரர்கள் கையெழுத்திட வேண்டும்.

"வாயத் தெறந்து தெறந்து மூடுனாரு. அத பாத்தேன்னு எழுதிப் போடட்டா?" என்றான் பெவின். காது கேளாதவன் குரல், அரங்கு முழுக்க விழுந்தது.

"படிவத்துல 'செவிமடுத்தேன்'னுதாம்ப்பா இருக்கு."

"சரி குடும்."

கையெழுத்துப் போட்டான். மனுதாரர் கருத்துச் சொல்லலாம் என்று மைக்கை நகர்த்தினார்கள். அவனுக்கு மைக் தேவையில்லை, ஆனாலும் பிடித்துக்கொண்டான்.

"அய்யா, எங்க மாமா ஒருத்தர் சங்கு குளிச்சவரு. அவரு சொல்லுவாரு, தொட்டா மூடணும், விட்டா தெறக்கணும், அதுதான் உசுருள்ள சிப்பி. தெறந்தே கெடந்தா அது செத்துப் போச்சுன்னு அர்த்தம், எடுக்காதன்னு. போனுல தெனமும் தெறந்தே இருக்குன்னு போடுதிய. அதச் சொல்லணும்னு நெனச்சேன்."

சிவப்பிரகாஷ் கண்ணை மூடித் தலையாட்டினார். "அருமை. மண் சார்ந்த உவமை. ஆண்டறிக்கையில் போடுங்கள்."

அப்போது மேஜைமேல் இருந்த அவருடைய இரண்டாவது போன் அதிர்ந்தது. சிப்பியின் சொந்தச் செயலி ஒன்று உண்டு, பிறந்தநாள் வாழ்த்துச் சொல்வது. வாழ்த்து வந்தால் போன் தாளம் போடும். நீளம், குட்டை, குட்டை, நீளம். மர மேஜையில் அது நடந்துகொண்டே போயிற்று. மேஜையின் மறுகோடியில் பெவின் உள்ளங்கையை ஊன்றியிருந்தான்.

அவன் துள்ளி எழுந்தான்.

"அந்தா! ஏளா, அதுதான்! அய்யா, அதுதாங்க நான் கேக்கறது! உங்க போனுல இருக்கே, அந்த அதிர்வு. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்!"

போன் இன்னும் ஒருமுறை தாளம் போட்டு ஓய்ந்தது.

"அது உள்ளே இருப்பது," என்றார் சிவப்பிரகாஷ் மெதுவாக. குழந்தைக்குச் சொல்வது போல. பொறியாளர்கள் வரிசையில் ஷாம் குனிந்து செருப்பைப் பார்த்தான். பிறகு எல்லாரும் எழுந்து நின்று இயக்குநருக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னார்கள்.

ஆனால் கூட்டம் வீண் போகவில்லை. இருபத்தாறாம் நாள் அறிவிப்பு வந்தது. சிப்பியின் வரலாற்றில் முதன்முறையாக ஓர் உள் இடைமுகம் பொதுவாக்கப்படுகிறது. நானூற்றுப் பதினேழு. பெவினையும் ஜெயஷீலாவையும் வரவழைத்துச் சால்வை போர்த்திப் படம் எடுத்தார்கள். பாட்டரி தீர்ந்து முதல் படம் விழாததால் படம் எடுத்தவர் மறுபடி ஒருமுறை போர்த்தச் சொன்னார். ஜெயஷீலா அழுதாள். வீட்டுக்கு வந்து புதிய வாசலுக்கு ஏற்றபடி செயலியை மாற்றினாள். விதிமுறைகளையும் படித்தாள். படித்த பிறகு பெவினிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

இருபத்தெட்டாம் நாள் முற்றத்தில் சோதனை. ஜெயஷீலாவும் வந்திருந்தாள். தாணுலிங்கம் தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார். லாரி அந்தக் கோட்டோடு நிற்க வேண்டும். பெவின் பழையபடி தைக்கிற மெஷினில் உட்கார்ந்தான். ஒரு மாதத்துக்குப் பிறகு உட்காருகிறான். ஊசியைத் தடவிப் பார்த்துவிட்டு, எவனோ எண்ணெயே போடவில்லை என்று திட்டினான். பிறகு தைக்க ஆரம்பித்தான். தாணுலிங்கம் கையை அசைத்தார். லாரி பீப் போட்டுக்கொண்டு பின்னால் வந்தது.

பெவினின் சட்டைப் பைக்குள்ளிருந்து ஓர் இனிய பெண் குரல் எழுந்தது.

"அன்பரே! ஒரு செயலி தங்கள் போனை அதிரச் செய்ய விரும்புகிறது. இந்த ஒரு முறைக்கு மட்டும் அனுமதிக்கிறீர்களா?"

முற்றத்தில் எல்லாருக்கும் கேட்டது. சுமைக்காரர்கள் நின்றுவிட்டார்கள். பெவின் தைத்துக்கொண்டிருந்தான்.

"ஏலே பெவினு! அனுமதிக்கேன்னு அமுக்குலே!" என்று ஒருவன் கத்தினான்.

பெயரைக் கேட்டதும் செயலி அதையும் சொல்ல விரும்பியது.

"அன்பரே! ஒரு செயலி தங்கள் போனை அதிரச் செய்ய விரும்புகிறது. தங்களுக்கு நிலுவையில் இரண்டு கோரிக்கைகள் உள்ளன."

யாரோ சிரித்தார்கள். லாரி வந்துகொண்டிருந்தது. சிரிப்பு நின்றது. லாரி சுண்ணாம்புக் கோட்டில் வந்து நின்றது. அதன் பின்பலகை பெவினின் தலைக்கு மேல் நிழல் போட்டது. போன் பத்து விநாடி காத்துவிட்டு, பதில் இல்லாததால் அனுமதி மறுக்கப்பட்டதாகக் கருதப்படும் என்றும், பயனரின் விருப்பத்தை மதித்து இன்று மறுபடி கேட்கப்படாது என்றும் அறிவித்தது.

பெவின் நூலை அறுத்து, மூட்டையைத் தட்டிவிட்டு, நிழலைக் கண்டு திரும்பினான்.

"வந்துட்டா?" என்றான். பிறகு பையிலிருந்து போனை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தான்.

தாணுலிங்கம் துண்டால் முகத்தைத் துடைத்தார். "டீச்சர்..." என்று ஆரம்பித்தார்.

"அண்ணாச்சி, நான் நிக்கேன்," என்றாள் ஜெயஷீலா.

"எங்கன?"

"இவரு பின்னால."

பள்ளிக்கு முழுப்பரீட்சை லீவு விட்டிருந்தார்கள். மறுநாளிலிருந்து அவள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மெஷினுக்குப் பின்னால் நின்றாள். பீப் கேட்டால் அவன் தோளில் நீளமாக இரண்டு முறை அமுக்குவாள். அவன் எழுந்து ஒதுங்குவான். லாரி போனதும் உட்காருவான். உப்புக் காற்று அவள் உதட்டை வெடிக்க வைத்தது. முதல் வாரத்துக்குப் பிறகு யாரும் அவர்களை வேடிக்கை பார்க்கவில்லை.

மூன்றாம் வாரம் வேதமணி குடையோடு வந்தார். புழுக்கும் வெயில். அறக்கட்டளை ஐந்தாம் பதிப்புக்கு ஒரு திருத்தம் வெளியிடுகிறதாம். நானூற்றுப் பதினேழில் சிரமப்படுவோருக்கென ஒரு குறிப்பு சேர்க்கிறார்களாம். அவர் படித்துக் காட்டினார்: "பரிந்துரைக்கப்படும் மாற்று வழி: உறவினர் ஒருவர் அருகில் நிற்கலாம். முள்ளக்காட்டில் வெற்றிகரமாகச் சோதிக்கப்பட்டது."

ஜெயஷீலா அவரைப் பார்த்தாள்.

"ஒண்ணே ஒண்ணும்மா. ஆவணத்துல போடணும்னா நீங்க எந்த வகைன்னு எழுதணும். பொதுவா, உள்ளா?"

"என்ன சார் கேக்குதிய?"

"பொதுன்னா யார் வந்து கேட்டாலும் நிக்கணும். உள்ன்னா இவருக்கு மட்டும். எதுன்னாலும் பரவால்ல. எவ்வளவு காலத்துக்கு மாறாம இருப்பியன்னு மட்டும் கீழ எழுதிருங்க. அது கட்டாயம்."

அவள் படிவத்தை வாங்கி, கட்டியிருந்த மூட்டைமேல் வைத்து எழுதினாள். வேதமணி கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு படித்தார்.

"ஜூன் ரெண்டு, பள்ளிக்கூடம் தெறக்குற வரைக்கும்."

அவர் விரல் விட்டு எண்ணினார்.

"பதினோரு நாள்தானம்மா இருக்கு," என்றார். "நிலையில்லாதத பட்டியல்ல சேக்க மாட்டாங்களே."

"தெரியும் சார்."

அவர் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். குடையை விரித்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

"என்னளா எழுதிக் குடுத்த?" என்று பெவின் திரும்பிக் கேட்டான்.

வாசலில் ஒரு லாரி பின்னால் எடுக்கத் தொடங்கியது. அவள் அவன் தோளில் கையை வைத்து அமுக்கினாள்.